எந்தக் கண் மறைத்தது?

“கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு” என்று தேனி மாவட்டத்துக் கம்பம் பக்கத்தில் ஒருவர் சொன்னால், வீட்டில் முதலில் தேடுவது எலுமிச்சம்பழத்தை. பித்தம் என்பார் ஒருவர். வெறும் வயிற்றோடு தோட்டத்துக்குப் போனதால் வந்தது என்பார் இன்னொருவர். சர்க்கரை உள்ளவர் என்றால் வாயில் ஒரு மிட்டாயைப் போடச் சொல்வார்கள். பெரும்பாலும் இந்த வைத்தியம் பலித்தும் விடும். அதனாலேயே யாரும் அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை: மறைத்தது ஒரு கண்ணா, இரண்டு கண்ணுமா?

பசியிலோ ரத்த அழுத்தம் இறங்கியோ வரும் கிறுகிறுப்பில் இரண்டு கண்ணும் சேர்ந்தே மங்கும். ஒரு கண் மட்டும், வலி எதுவும் இல்லாமல், மேலிருந்து திரை இறங்குவதுபோல மறைந்து, இரண்டு நிமிடத்திலோ பத்து நிமிடத்திலோ பழையபடி தெரிய ஆரம்பித்தால் அது வேறு சங்கதி. மருத்துவர்கள் இதை அமரோசிஸ் ஃபியூகாக்ஸ் என்பார்கள். கிரேக்கமும் லத்தீனும் கலந்த பெயர். ஓடி மறையும் இருட்டு என்று பொருள். நம் பேச்சில் இதற்குத் தனிப்பெயர் இல்லை. பசி மயக்கத்துக்கும் இதற்கும் ஒரே சொல்லைத்தான், “கண் இருட்டுச்சு” என்பதைத்தான், வைத்திருக்கிறோம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதற்கு அதுவே ஒரு காரணம் என்று நினைக்கிறேன். திரை இறங்கியது கண்ணில். ஆனால் நோய் பல நேரம் கழுத்தில் இருக்கிறது.

குரல்வளைக்குப் பக்கத்தில் விரலை வைத்தால் ஒரு துடிப்பு தெரியும். அதுதான் கரோட்டிட் தமனி. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. (இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்க்க வேண்டாம்.) தாடைக்குச் சற்றுக் கீழே அது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முகத்துக்கும் தலைத்தோலுக்கும் போகிறது. மற்றது கழுத்தில் எங்கும் கிளை விடாமல் நேரே மண்டை ஓட்டுக்குள் நுழைகிறது. உள்ளே போனதும் அது விடுகிற முதல் முக்கியக் கிளை கண்ணுக்கு. பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து லோயர் கேம்பில் இறங்கியதும் கூடலூர், கம்பம் வயல்களைத் தாண்டித்தான் வைகை அணைக்குப் போகிறது. அதுபோல மூளைக்குப் போகும் ரத்தத்தில் முதல் மடை கண்ணுக்குத் திறக்கிறது. மேலே வாய்க்காலில் எது உடைந்து மிதந்து வந்தாலும் முதல் மடையில் அது தட்டுப்படக்கூடும்.

உடைந்து வருவது எது? கரோட்டிட் தமனி பிரிகிற அந்தக் கவட்டையில் ரத்தம் சுழித்து, ஓரத்தில் வேகம் குறைந்து ஓடுகிறது. சுழிக்கிற இடத்தில் வண்டல் படிவதைப்போல அங்கே கொழுப்பும் சுண்ணாம்பும் குழாய்ச் சுவருக்குள் படிகின்றன. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, பீடி, சிகரெட், கெட்ட கொழுப்பு, வயது எல்லாம் சேர்ந்து பத்து இருபது வருடத்தில் அந்தப் படிவை வளர்க்கின்றன. வளர்ந்த படிவின் மேல்தோல் ஒருநாள் வெடிக்கும். வெடிப்பில் ரத்தம் உறையும். உறைந்த கட்டியில் ஒரு துணுக்கு பிய்ந்து மேலே போகும். அது கண்ணுக்குப் போனால் திரை இறங்குகிறது. துணுக்கு சிதறிக் கரைந்தால் திரை விலகுகிறது. அதே துணுக்கு முதல் மடையைத் தாண்டி மூளைக்குப் போனால், பக்கவாதம்.

இந்தத் தொடர்பை உலகத்துக்குத் தெளிவாகச் சொன்னவர் கனடாவின் மான்ட்ரியல் நகரில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் மில்லர் ஃபிஷர். 1951-இல் வெளியிட்ட கட்டுரையில், பக்கவாதம் வந்த சிலருக்கு அதற்கு முன்பே ஒரு கண் விட்டு விட்டு மறைந்திருந்ததை எழுதினார். அதிலும் ஒரு முரண் இருந்தது. செயலிழந்தது இடது கை என்றால் மறைந்தது வலது கண். பார்த்த மாத்திரத்தில் பொருந்தாத கணக்கு. ஆனால் வலது கழுத்துக் குழாய் ரத்தம் தருவது வலது கண்ணுக்கும் வலது மூளைக்கும். வலது மூளை ஆள்வது இடது கையையும் இடது காலையும். எதிரெதிர்ப் பக்கத்தில் வரும் இந்த இரண்டு அறிகுறியும் சேர்ந்து கைகாட்டக்கூடிய ஒரே இடம் வலது கழுத்து. மருத்துவ வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் துப்பறிதல்களில் இது ஒன்று. ஸ்கேன் இல்லாத காலத்தில், நோயாளி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டதே அவருக்கு வழிகாட்டியது. அறுவை மருத்துவம் ஒருநாள் இந்த அடைப்புக்கு வழி செய்யும் என்ற எதிர்பார்ப்பையும் அதே கட்டுரையில் எழுதினார்.

1959-இல் ஃபிஷருக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைத்தது. கண் மறைந்துகொண்டிருந்த நேரத்திலேயே ஒரு நோயாளியின் விழித்திரையைக் கருவி வைத்துப் பார்த்தார். மயிரிழை போன்ற ரத்தக்குழாய்களில் வெள்ளைத் துணுக்குகள் மெதுவாக ஊர்ந்து போயின. 1961-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ராபர்ட் ஹாலன்ஹார்ஸ்ட், விழித்திரைக் குழாய்கள் கிளை பிரியும் இடங்களில் மஞ்சளாக மினுமினுக்கும் கொழுப்புப் படிகங்களை விவரித்தார். அவை இன்றும் அவர் பெயரில் வழங்குகின்றன. கண் மருத்துவர் விழித்திரையில் அந்த மினுமினுப்பைப் பார்த்தால், கண்ணாடிக்கு எண் எழுதுவதோடு நிறுத்தாமல் கழுத்துக்கும் இதயத்துக்கும் பரிசோதனை எழுத வேண்டும்.

துணுக்கு கரையாமல் விழித்திரையின் மையத் தமனியிலேயே சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? இதற்கு விடை தேடி வாழ்நாளைச் செலவிட்டவர் பஞ்சாபில் பிறந்து, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த சோஹன் சிங் ஹேரே. கண்ணின் ரத்த ஓட்டத்தைப் பற்றி இன்று உலகம் படிப்பதில் பெரும்பகுதி அவர் எழுதியது. வயதான, ரத்தக்கொதிப்பும் கொழுப்புப் படிவும் உள்ள குரங்குகளில் அவர் நடத்திய ஆய்வின்படி, ரத்தம் நின்று 97 நிமிடம் வரை விழித்திரை தாங்குகிறது. நான்கு மணி நேரம் ஆனால் திரும்பப் பெற முடியாத பெருஞ்சேதம். கம்பத்திலிருந்து மதுரை 110 கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸில் சுமார் மூன்று மணி நேரம். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் அந்தத் துணுக்கை எடுத்துப் பார்வையைத் திருப்பித் தருவதற்கு உறுதியாக நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இன்னும் கைக்கு வரவில்லை.

ஆகவே கழுத்து அறுவையைப் பற்றிப் பேசும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முழுவதும் போன பார்வையை அது மீட்டுத் தராது. போய்த் திரும்பிய பார்வையைக் காக்கவும், அடுத்து வரக்கூடிய பக்கவாதத்தைத் தடுக்கவுமே அது செய்யப்படுகிறது. பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டதே என்று நாம் நிம்மதி அடையும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் மருத்துவத்தால் மிக அதிகம் செய்ய முடிகிற காலம் தொடங்குகிறது.

இந்த அறுவையின் பிறப்பே கண்ணோடு தொடர்புடையது. 1954 மே 19 அன்று லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் ஃபெலிக்ஸ் ஈஸ்ட்காட் குழுவினர் 66 வயதுப் பெண் ஒருவருக்கு அறுவை செய்தார்கள். பேச்சுக் குழறல், வலப்பக்கக் கைகால் பலவீனம், இடது கண் மறைதல் என்று அவருக்கு 33 முறை வந்து போயிருந்தது. ரத்தம் தடைபடும் நேரத்தில் மூளையைக் காக்க அவர் உடலை 28 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்தார்கள். அடைபட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மேல் முனையையும் கீழ் முனையையும் இணைத்துத் தைத்தார்கள். தொல்லை நின்றது. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்காவின் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி, குழாயை வெட்டி எடுக்காமல் உள்ளிருக்கும் படிவை மட்டும் உரித்தெடுத்திருந்தார். ஆனால் அதைப் பல ஆண்டுகள் கழித்து 1975-இல்தான் விரிவாக எழுதினார். இன்று உலகெங்கும் செய்யப்படுவது அந்த உரித்தெடுக்கும் முறைதான். எண்டார்டரெக்டமி என்று பெயர்.

கண்மாயும் வாய்க்காலும் தூர் வாரிப் பார்த்தவருக்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. தூர் வாருவதற்கு முன் மதகை அடைக்க வேண்டும். இங்கேயும் அப்படித்தான். கழுத்தில் ஓரடியில் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்குக் கீறி, தமனியை வெளியே தெரியவைத்து, ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்து, மேலும் கீழும் கவ்வி போட்டு ஓட்டத்தை நிறுத்துகிறார்கள். நிலம் ஒருநாள் காய்ந்தால் ஒன்றும் ஆகாது. மூளை சில நிமிடம்கூடக் காயக் கூடாது. எதிர்ப்பக்கக் கழுத்துக் குழாயும் பிடரி வழியாக ஏறும் குழாய்களும் அந்த நேரத்தில் போதுமான ரத்தம் தருகின்றனவா என்று பார்க்கிறார்கள். தரவில்லை என்றால் ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயை மாற்று வாய்க்காலாக உள்ளே செருகி ரத்தத்தை ஓடவிடுகிறார்கள்.

போதுமா என்று எப்படித் தெரியும்? மின்னணுக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் எனக்குப் பிடித்த முறை மிக எளியது. நோயாளியை மயக்காமல், கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, எதிர்ப்பக்கக் கையில் அமுக்கினால் கீச்சிடும் ரப்பர் பொம்மை ஒன்றைக் கொடுத்துவிடுகிறார்கள். மருத்துவர் கேட்கும்போதெல்லாம் அவர் அமுக்குவார். சத்தம் வந்தால் மூளை நன்றாக இருக்கிறது. சத்தம் நின்றால் உடனே மாற்றுக் குழாய்.

பிறகு தமனியை நீளவாக்கில் திறந்து, சுவரின் உள்தோலோடு ஒட்டிய படிவை மெல்ல நெம்பி, ஒரே துண்டாக உரிக்கிறார்கள். மஞ்சளாக, சில இடத்தில் சுண்ணாம்புக் கல்போலக் கெட்டியாக, சில இடத்தில் களிபோலக் குழைந்து வரும். தூர் வாரும்போது கலங்கிய சேறு அடுத்த மடைக்குப் போய்விடுமே என்ற பயம் இங்கே உயிர்ப் பயம். ஒரு சிறு துண்டு மிஞ்சி மேலே போனாலும் தடுக்க வந்த பக்கவாதத்தை அறுவையே வரவழைத்துவிடும். ஆகவே உட்சுவரை உப்புநீரால் கழுவிக் கழுவிப் பார்த்து, பிசிறு எல்லாம் எடுத்து, குழாய் குறுகாமல் இருக்க ஒரு ஒட்டுத்துண்டு வைத்துத் தைத்து மூடுகிறார்கள். நாக்கை அசைக்கும் நரம்பும் குரலுக்கான நரம்பும் அந்த இடத்தை ஒட்டியே ஓடுகின்றன. சிலருக்குச் சில வாரம் குரல் கம்முவதும் நாக்கு ஒருபக்கம் இழுப்பதும் அதனால்தான்.

இவ்வளவு ஆபத்துக்கு நடுவில் இதைச் செய்யத்தான் வேண்டுமா? இதற்கு 1991-இல் ஒரு திடமான விடை வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 50 மையங்களில் நடந்த ஆய்வில், அறிகுறி வந்து 70 சதவீதத்துக்கு மேல் குழாய் அடைபட்ட 659 பேரை இரு பிரிவாக்கினார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் இரண்டு ஆண்டுக்குள் 26 சதவீதம் பேருக்கு அதே பக்கப் பக்கவாதம் வந்தது. அறுவை செய்துகொண்டவர்களில் 9 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் அந்தப் பிரிவினரிடம் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். அடைப்பு 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அறுவையால் பயனில்லை என்பதும் பிறகு தெரிந்தது. முழுக்க அடைபட்டுவிட்டால் இந்த அறுவை கிடையாது. தூர் வாருவதற்கு அங்கே ஓட்டமே இல்லை.

எல்லா நோயாளிக்கும் ஒரே கணக்குப் பொருந்தாது. கண் மட்டும் மறைந்தவர்களுக்குப் பக்கவாத ஆபத்து, கைகால் இழுத்தவர்களுக்கு இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான். கண் மட்டும் மறைந்தவர்களில், 75 வயதைத் தாண்டியவர், ஆண், முன்பே பக்கவாதம் தொட்டுவிட்டுப் போனவர், நடந்தால் கெண்டைக்காலில் வலி வருபவர், 80 சதவீதத்துக்கு மேல் அடைப்பு உள்ளவர் என்று இரண்டு மூன்று காரணம் சேரும்போதுதான் கத்தி நன்றாகப் பலன் தருகிறது. ஆகவே “கண் மறைத்ததா, உடனே கழுத்தை அறுத்துவிடுங்கள்” என்று சொல்லும் மருத்துவரையும் நம்பக் கூடாது; “கண்தானே” என்று அனுப்பிவிடுபவரையும் நம்பக் கூடாது.

நாள் கணக்கு முக்கியம். 2004-இல் வெளியான ஆய்வின்படி, 50 சதவீதத்துக்கு மேல் அடைப்பு உள்ளவர்களுக்கு அறிகுறி வந்த இரண்டு வாரத்துக்குள் அறுவை செய்தால், ஐந்து பேருக்குச் செய்யும்போது ஒருவருக்குப் பக்கவாதம் தடுக்கப்படுகிறது. மூன்று மாதம் தள்ளிப்போனால் அந்த ஒருவரைக் காப்பாற்ற 125 பேருக்குக் கத்தி வைக்க வேண்டும். பொங்கல் கழியட்டும், அறுவடை முடியட்டும், பேத்தி கல்யாணம் ஆகட்டும் என்று தள்ளிப் போடுவதன் விலை இதுதான்.

அறுவைக்குப் பதில், குழாயை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் வைக்கக் கூடாதா என்று கேட்பார்கள். வைக்கலாம். 2010-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் சிகிச்சையை ஒட்டிய நாட்களில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பக்கவாதம் சற்று அதிகமாகவும், அறுவை செய்தவர்களுக்கு மாரடைப்பு சற்று அதிகமாகவும் வந்தன. வயதானவர்களுக்கு அறுவை ஏற்றது. இதயம் பலவீனமானவருக்கும், கழுத்தில் ஏற்கெனவே அறுவையோ கதிர்வீச்சோ கண்டவருக்கும் ஸ்டென்ட் பொருத்தம். எதைச் செய்தாலும் ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் தொடர வேண்டும்; பீடியை விட வேண்டும்.

துணுக்கு சிதறாமலேயே கழுத்து கண்ணைக் கெடுக்கும் வழி ஒன்றும் உண்டு. அதைத்தான் நம் பக்கத்தில் எளிதாகத் தவறவிடுவோம் என்று அஞ்சுகிறேன். அடைப்பு 90 சதவீதத்தைத் தாண்டும்போது கண்ணுக்கு ரத்தம் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது. சில பேருக்கு ஓட்டமே திசை மாறிவிடும். மூளையின் தாகம் தாங்காமல், முகத்துக்குப் போகும் கிளையிலிருந்து ரத்தம் கண்குழி வழியாகப் பின்னோக்கி மூளைக்குப் பாயும். கண்ணுக்கு வர வேண்டிய பங்கு கண்ணைத் தாண்டிப் போய்விடும். இப்படிப்பட்டவர் உச்சி வெயிலில் வயலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தால் ஒரு கண் மட்டும் வெகுநேரம் தெளியாது. எல்லோருக்கும் வெயிலிலிருந்து வந்தால் கொஞ்ச நேரம் இருட்டத்தான் செய்யும். ஒரு கண் தெளிந்த பின்னும் மற்றது பல நிமிடம் தெளியாமல் நின்றால் அது வேறு. புருவத்தில் மந்தமான வலி இருக்கும். விழித்திரையில் புள்ளி புள்ளியாக ரத்தக் கசிவு இருக்கும். சர்க்கரை நோயாளி என்றால் சர்க்கரையால் வந்த கசிவு என்றே எண்ணத் தோன்றும். ஆனால் சர்க்கரை பெரும்பாலும் இரண்டு கண்ணையும் தொடும். ஒரு கண் மட்டும் மிகக் கெட்டிருந்தால் கழுத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த நிலையில் அறுவை செய்தால் பின்னோக்கி ஓடிய ரத்தம் நேராகத் திரும்புவதை, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் பார்க்க முடிகிறது. சிலருக்குப் பார்வை நிலைக்கிறது, சிலருக்குத் தேறுகிறது. ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. ரத்தப் பஞ்சத்தில் கண்மணியைச் சுற்றிப் புது ரத்தக்குழாய்கள் முளைத்து, கண்ணீர்மம் வடியும் வழியை அடைத்திருக்கும். பஞ்சத்தால் அந்த நீர் சுரப்பதும் குறைந்திருப்பதால் கண் அழுத்தம் ஏறாமல் இருந்திருக்கும். கழுத்தைத் திறந்ததும் சுரப்பு மீள்கிறது, வடிகால் இல்லை, அழுத்தம் எகிறுகிறது. நல்லது செய்யப் போய்க் கண் போகும். கழுத்து மருத்துவரும் கண் மருத்துவரும் அறுவைக்கு முன்பே பேசி, லேசர் சிகிச்சையையும் கண்ணுக்குள் போடும் ஊசியையும் திட்டமிட்டுக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம்.

இளம்பெண்களுக்கு வேறொரு வடிவத்தில் இந்த ரத்தத் தடை வரும். ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிட்டோ தகயாசு 1905-இல் ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் மாலை கோத்ததுபோல ரத்தக்குழாய்கள் பின்னியிருப்பதைக் கண்டு சொன்னார். அது பெருந்தமனிகளின் சுவர் அழற்சி. ஆசியாவில் அதிகம், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பல ஆண்டுகளாக ஆராயப்படுகிறது. இந்த நோயில் முதலில் மருந்தால் அழற்சியை அடக்குகிறார்கள். கத்தி அதற்குப் பிறகுதான். இதயத்திலிருந்தும் துணுக்கு வரலாம். ஒற்றைத் தலைவலியிலும் பார்வை மறைந்து திரும்பலாம். அதைப் பிரித்தறிவது மருத்துவரின் வேலை. ஒரு கண் மறைந்தது என்று சொல்வது நம் வேலை.

கண் வைத்தியத்தில் தேனி மாவட்டம் கொடுத்து வைத்த இடம். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985-இல் தேனிக்கு வந்தது. 2000-களின் நடுவில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பொறியாளர்கள் துணையோடு தேனி மருத்துவமனையையும் சுற்றுவட்டாரப் பார்வை மையங்களையும் நெடுந்தூர வை-ஃபையால் இணைத்தார்கள். நோயாளி தன் ஊரிலேயே உட்கார்ந்து தேனியிலுள்ள மருத்துவரோடு திரையில் பேச முடிந்தது. அரசுத் தரப்பில் க.விலக்கில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் 2021-இலிருந்து ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. கழுத்து டாப்ளர் ஸ்கேன் வலியில்லாதது, அரை மணி நேர வேலை, தேனியிலேயே எடுக்கலாம். அறுவைக்குத்தான் பொதுவாக மதுரை போக வேண்டியிருக்கிறது. ஆனாலும் தடை தூரத்தைவிட, கண் என்றால் புரைதான் என்று பழகிப்போன நம் நினைப்பில் இருக்கிறது. புரை மெல்ல வளர்வது, காத்திருக்கும். இது காத்திருக்காது.

மாத்திரை கொண்டுவரும் சுகாதாரப் பணியாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்: பிரஷர் பார்க்கும்போது, “ஒரு கண்ணு மட்டும் எப்பவாவது திரை போட்ட மாதிரி மறைச்சுச்சா?” என்ற கேள்வியையும் கேளுங்கள். வீட்டில் இருப்பவர்கள், அப்பாவோ அத்தையோ கண் இருட்டியது என்று சொன்னால் அந்த நிமிடமே ஒரு கண்ணைப் பொத்திப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மற்றதை. ஒரு கண்தான் என்றால், தெளிந்துவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். கையோ காலோ பேச்சோ கூடச் சேர்ந்து தடுமாறினால் 108-ஐக் கூப்பிடுங்கள். மருத்துவரிடம் மறைத்தது எந்தக் கண், எத்தனை நிமிடம், எத்தனை முறை என்று சொல்லிவிட்டு, கழுத்துக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.